நிமிர்ந்து நின்ற குழாய்மீன்

கடற்குதிரையைப் படத்திலாவது பார்க்காத குழந்தை இருக்காது. அதே கடற்புல்லில், அதே ஆழத்தில், அதே இரையைத் தின்று வாழும் குழாய்மீனைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. விரலைவிட மெல்லிய உடல், தலைக்கு முன்னால் நீண்ட குழல், அதன் நுனியில் மிகச் சிறிய வாய். புல்லோடு புல்லாக நின்றால் கண்ணுக்குத் தட்டாது. இதைக் கடற்குதிரைக்குத் தூரத்து உறவு என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். உறவுமுறையைத் திருப்பிச் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். குடும்பம் குழாய்மீனுடையது. அதில் ஒரு கிளை மட்டும் உடலை நிமிர்த்தி, தலையைக் குனிந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கிளைக்குத்தான் கடற்குதிரை என்று பெயர்.

இந்த உண்மை தெளிவாக ஏறத்தாழ 280 ஆண்டுகள் பிடித்தன. சிங்னாதிடே என்று அறிவியல் அழைக்கும் இந்தக் குடும்பத்தில் இன்று சுமார் 300 இனங்கள் இருக்கின்றன. குழாய்மீன்கள், கடற்குதிரைகள், ஆஸ்திரேலியக் கரையின் கடல்நாகங்கள் எல்லாம் இதில் அடக்கம். மிகப் பெரும்பாலானவை கடலில் வாழ்பவை; ஆற்று நீரில் வாழும் சிலவும் உண்டு.

கதை ஸ்வீடனில் தொடங்குகிறது. பீட்டர் ஆர்டெடி 1705இல் பிறந்தவர். உப்சாலாவில் படிக்கப் போனவர் மீன்களிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அங்கே அவருக்கு வாய்த்த நண்பர் கார்ல் லின்னேயஸ். இருவரும் உயிருலகத்தையே ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். யார் முதலில் இறந்தாலும் மற்றவர் அவருடைய கையெழுத்துப் படிகளைக் காப்பாற்றி வெளியிட வேண்டும் என்றும் பேசி வைத்திருந்தார்கள். இருபது வயதுகளில் இருந்த இருவருக்கும் அது வெறும் பேச்சாகவே இருந்திருக்கும்.

1735இல் இருவரும் ஹாலந்தில் மறுபடி சந்தித்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆல்பர்ட்டஸ் சேபா என்ற செல்வந்த மருந்து வணிகர், கடலோடிகள் கொண்டுவந்த விலங்குகளைச் சேர்த்துப் பெரிய காட்சியகம் வைத்திருந்தார். அவருடைய மீன்களை வரிசைப்படுத்தி எழுதும் வேலை லின்னேயஸின் பரிந்துரையால் ஆர்டெடிக்குக் கிடைத்தது. செப்டம்பர் 27ஆம் தேதி இரவு சேபாவின் வீட்டில் விருந்து முடிந்து நடந்து திரும்பும்போது இருட்டில் கால்வாயில் விழுந்து இறந்துபோனார். வயது 30. வாடகைப் பாக்கிக்காக வீட்டுக்காரர் கையெழுத்துப் படிகளைப் பிடித்து வைத்துக்கொண்டார். லின்னேயஸ், தன்னை ஆதரித்து வந்த ஜார்ஜ் கிளிஃபர்டைக் கொண்டு பணம் கட்டி அவற்றை மீட்டார். 1738இல் லைடன் நகரில் அந்த நூலை அச்சிட்டார். மீனியல் என்ற துறை அந்த நூலிலிருந்துதான் எழுந்து நடந்தது என்று சொன்னால் மிகையாகாது. துடுப்பின் கதிர்களை எண்ணுவது, உடலின் பாகங்களை அளப்பது, எலும்பைப் பார்ப்பது, பிறகே பெயரிடுவது என்று ஆர்டெடி வகுத்த ஒழுங்கைத்தான் இன்றைய மீனியலாளரும் பின்பற்றுகிறார்.

அந்த நூலில் சிங்னாதஸ் என்ற பேரினம் இருக்கிறது. தாடைகள் ஒட்டியவை என்று பொருள். பார்வைக்கு அப்படித்தான் தெரியும். உண்மையில் நீண்டு குழலானவை தாடைகள் அல்ல. மண்டைக்கும் வாய்க்கும் இடையிலுள்ள முக எலும்புகள். தாடைகள் குழலின் நுனியில் மிகச் சிறியவையாக அசைகின்றன. ஆனாலும் இந்த மீன்களின் ரகசியம் அவற்றின் முகத்தில் இருக்கிறது என்று ஆர்டெடி பிடித்தது சரியான பிடி.

லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட தன் பெருநூலின் பத்தாம் பதிப்பில் சிங்னாதஸை அப்படியே எடுத்துக்கொண்டு அதன்கீழ் ஏழு இனங்களை வைத்தார். ஆறு குழாய்மீன்கள், ஏழாவது சிங்னாதஸ் ஹிப்போகாம்பஸ். அதுதான் கடற்குதிரை! முதல் பட்டியலில் அதற்குத் தனி இருக்கை கிடையாது. குழாய்மீன்களின் வரிசையில் கடைசியாக, இன்னொரு குழாய்மீனாகவே உட்கார்ந்திருந்தது. பின்னால் வந்த பல தலைமுறை அறிஞர்கள் அதைப் பிரித்துத் தனியே உயர்த்தினார்கள். மரபணுக்களைப் படித்தவர்கள் அதை மறுபடி குழாய்மீன்களுக்கு நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். லின்னேயஸின் ஏழாவது வரியை இன்று படிக்கையில் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

அதே லின்னேயஸ் 1766இல் வெளியிட்ட பன்னிரண்டாம் பதிப்பில் பெரிதாகத் தவறினார். சிங்னாதஸ், பேத்தை மீன், முள்ளம்பன்றி மீன் போன்றவற்றை மீன்களிலிருந்தே வெளியேற்றி, நீரிலும் நிலத்திலும் வாழ்பவற்றோடு சேர்த்துவிட்டார். தென் கரோலினாவில் மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் கார்டன், முள்ளம்பன்றி மீனுக்குச் செவுளோடு நுரையீரலும் இருப்பதாக எழுதியது அவரைத் திசைதிருப்பியது. குழாய்மீனின் உடலமைப்பும் இந்தப் பிழைக்கு இடம் கொடுத்தது. மற்ற மீன்களுக்குச் செவுள் மூடியின் ஓரம் நெடுகத் திறந்திருக்கும்; குழாய்மீனுக்குத் தலைக்குப் பின்னால் ஒரு சிறு துளை மட்டும்தான். உடலைச் சுற்றி வளையம் வளையமாக எலும்புக் கவசம். செதில் கிடையாது. இப்படி ஒன்றைக் கையில் வைத்துப் பார்ப்பவருக்கு இது மீன்தானா என்ற ஐயம் வருவது இயல்பு.

1810இல் சிசிலித் தீவின் பலெர்மோவில் இருந்த கான்ஸ்டன்டைன் ராஃபினெஸ்க், கடற்குதிரையைத் தனிப் பேரினமாகப் பிரித்து ஹிப்போகாம்பஸ் என்று பெயர் வைத்தார். கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை வைத்துச் செய்த பிரிப்பு அது. பாரிஸில் ஜார்ஜ் குவியே உள்ளே பார்த்தார். மற்ற மீன்களின் செவுள் சீப்புப் பற்களைப் போல வரிசையாக இருக்க, இவற்றின் செவுள் சிறு சிறு கொத்துகளாக இருப்பதைக் கண்டு, 1817இல் 'கொத்துச் செவுளி' என்ற பொருளில் தனி வரிசையே அமைத்தார். லின்னேயஸின் தவறு அதோடு திருந்தியது. சிறகு விரித்த சிறு பூச்சியைப் போன்ற பெகாசஸ் மீன்களையும் குவியே இதே வரிசையில் வைத்தார். பின்வந்தவர்கள் அவற்றைத் தனியே பிரித்துவிட்டார்கள். அந்த மீன்களை மறக்க வேண்டாம்.

சிங்னாதஸைத் தலையாகக் கொண்டு குடும்பப் பெயரை அமைத்தவர் சார்லஸ் லூசியன் போனபார்ட். பேரரசர் நெப்போலியனின் தம்பி மகன். பறவைகளையும் மீன்களையும் தேடிப் போனவர். முதுகெலும்புள்ள விலங்குகள் அனைத்தையும் முறையாக வரிசைப்படுத்தும் திட்டம் ஒன்றை 28 வயதில் எழுதினார். அதில்தான் சிங்னாதிடே முறைப்படி பிறந்தது. ஆண்டு 1831.

அதே 1831இல், குடும்பத்தின் பெயரைவிடப் பெரிய ஒரு செய்தி ஸ்வீடனில் வெளியானது. கார்ல் உல்ரிக் எக்ஸ்ட்ரோம் என்ற பாதிரியார் ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே மோர்க்கோ தீவுப் பகுதியில் கிடைத்த மீன்களைப் பற்றி அந்நாட்டு அறிவியல் கழகத்துக்கு எழுதிவந்தார். குழாய்மீன்களைப் பற்றி அவர் எழுதியது, முட்டைகளைத் தாங்கித் திரிவது ஆண் மீன் என்பது. அந்நாட்டு உடற்கூற்றியல் அறிஞர் ஆண்டர்ஸ் ரெட்சியஸ் ஆராய்ந்து அதை உறுதிசெய்தார். வயிற்றில் முட்டைப் பையுள்ள மீனின் உள்ளே இருந்தவை விந்தகங்கள்.

இதைக் கண்டுகொள்ள மனிதர்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பாருங்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இந்த மீனைக் கவனித்திருக்கிறார். முட்டையிடும் பருவத்தில் இதன் அடிவயிறு பிளந்து முட்டைகள் வெளியேறுகின்றன என்றும், பிறகு பிளவு ஆறி மூடிக்கொள்கிறது என்றும் எழுதினார். கண்டது துல்லியம். ஆனால் பையோடு இருந்த மீன் பெண் என்பதில் அவருக்கு ஐயமே வரவில்லை. குட்டியைச் சுமப்பது தாய் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் ஜான் வால்காட் என்ற இயற்கை ஆர்வலர் மட்டும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பெண் தன் முட்டைகளை ஆணின் பொய்வயிற்றில் இடுகிறது என்று குறித்து வைத்திருந்தார். அது அச்சேறாமல் கிடந்தது. வில்லியம் யாரெல் 1836இல் பிரிட்டிஷ் மீன்களைப் பற்றி எழுதிய நூலில் அதை எடுத்துக்காட்டிய பிறகே உலகம் அறிந்தது.

பை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும் அது எல்லா இனத்திலும் ஒன்றாக இல்லை. லின்னேயஸின் ஏழில் ஒன்றான நெரோபிஸில் பையே கிடையாது. தந்தையின் வயிற்றுத் தோலில் முட்டைகள் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். சிங்னாதஸில் வாலின் அடிப்புறத்தில் இரண்டு தோல் மடிப்புகள் இரு பக்கமும் எழுந்து நடுவில் சேர்ந்து முட்டைகளை மூடும். கடற்குதிரையில் அந்த மடிப்புகள் முழுமையாகத் தைத்ததுபோல இணைந்து, மேலே ஒரு சிறு துளை மட்டும் மிஞ்சும். பெண் அந்தத் துளை வழியே முட்டைகளை இடுகிறது. கருவுறுவது உள்ளேதான். பையின் உட்சுவரில் இரத்தக் குழாய்கள் நிறைந்து ஒவ்வொரு முட்டையையும் சுற்றி வளைக்கின்றன. உயிர்வளி போகிறது, உப்பின் அளவு சீராகிறது. சில வாரங்களில் தந்தை உடலை மடக்கி மடக்கித் தள்ளி, உருவம் முழுமையான குஞ்சுகளை வெளியே விடுகிறது. பல இனங்களில் ஒரு ஈற்றில் சில நூறு. பெரிய இனங்களில் ஆயிரத்தையும் தாண்டும். இதற்குக் கருப்பம் என்பதைத் தவிர வேறு சொல் பொருந்தாது.

டார்வின் 1871இல் வெளியிட்ட மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் இந்த மீன்களுக்கு இடம் கொடுத்தார். அதிலும் அவரைக் கவர்ந்தது பக்கத்துக் குடும்பமான பேய்க் குழாய்மீன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆல்பர்ட் குந்தர் கண்டறிந்தபடி, அங்கே முட்டைகளைச் சுமப்பது பெண். அதன் இரண்டு இடுப்புத் துடுப்புகளும் அகன்று சேர்ந்து பையாகின்றன. நிறமும் பெண்ணுக்கே அதிகம். சிங்னாதிடே குடும்பத்து மீன் எதற்கும் இடுப்புத் துடுப்பே கிடையாது. மிக நெருங்கிய இரண்டு குடும்பங்களில், ஒன்றில் துடுப்பு இருக்கிறது, தாய் சுமக்கிறாள். மற்றதில் துடுப்பு இல்லை, தந்தை சுமக்கிறான். இரண்டும் பிரிந்த இடத்தில் என்ன நடந்தது என்பது இந்தக் கதையிலேயே ஆழமான கேள்வி. அதை யாராவது முழுதாக விடுவித்துவிட்டால் அந்தக் கட்டுரையை முதல் ஆளாகப் படிக்கக் காத்திருக்கிறேன்.

ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருந்த ஜார்ஜ் டன்கர் இந்தப் பையையே வகைப்பாட்டின் திறவுகோலாக்கினார். 1910இல் இலங்கைக் குழாய்மீன்களைப் பற்றித் தனியாக எழுதியவர் அவர். அத்தீவின் ஓடைகளில் மட்டும் வாழும் நன்னீர்க் குழாய்மீன் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் இன்றும் நிற்கிறது. 1915இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் குடும்பத்தை இரண்டாகப் பிரித்தார். முட்டைகளை உடலின் நடுப்பகுதியில், அதாவது வயிற்றின் கீழ்ச் சுமப்பவை ஒரு பக்கம். ஆசனத்துளைக்குப் பின்னால் வாலின் கீழ்ச் சுமப்பவை மறுபக்கம். 1959இல் சான் பிரான்சிஸ்கோவின் ஏர்ல் ஹெரால்ட், திறந்த வயிற்றிலிருந்து மூடிய பை வரை படிப்படியாக அடுக்கி, குழாய்மீனிலிருந்து கடற்குதிரை வரும் வழியை வரைந்து காட்டினார். 1985இல் மிசிசிப்பி கடற்கரை ஆய்வகத்தின் சார்லஸ் டாசன், செங்கடல் முதல் அமெரிக்கக் கரை வரையுள்ள குழாய்மீன்களுக்கென்றே ஒரு முழு நூல் எழுதினார். குழாய்மீன்களைக் கடற்குதிரைக்கு முன்னுரையாக ஆக்காமல் அவற்றையே பொருளாக எடுத்துக்கொண்ட நூல் அது.

இவர்கள் எண்ணியது எலும்பு வளையங்களை. உடலில் எத்தனை, வாலில் எத்தனை, முதுகுத் துடுப்பு எந்த வளையத்தில் தொடங்கி எதில் முடிகிறது, பக்கவாட்டு மேடு வாலோடு தொடர்கிறதா அறுபடுகிறதா என்பவைதான் இனத்தைச் சொல்லும். நிறத்தை நம்ப முடியாது. ஒரே கடற்குதிரை மஞ்சளாகவும் கறுப்பாகவும் மாறிக்கொள்ளும். நிறத்தையும் தோல் இழைகளையும் நம்பிப் புதுப் பெயர் வைத்தவர்களால் இந்தக் குடும்பத்தின் ஏடுகள் தேவையற்ற பெயர்களால் நிரம்பின. கடற்குதிரைகளுக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்துவிட்டன. சாரா லூரி, ரைலி பொல்லம், சாரா ஃபாஸ்டர் மூவரும் 2016இல் அவற்றைச் சலித்து 41 இனங்களே செல்லும் என்றார்கள். அதன்பின் ஜப்பானிலும் தென்னாப்பிரிக்காவிலும் அரிசி அளவிலான புதிய குள்ள இனங்கள் கிடைத்துள்ளன.

குழல் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.  மீன் அசையாமல் காத்திருக்கிறது. இரை நுனிக்கு நேராக வந்ததும், இழுத்து வைத்திருந்த தசைநாண்கள் விடுபட்டுத் தலை மேல்நோக்கிச் சுழல்கிறது. வாய் இரையை எட்டிய அதே நொடியில் கன்னம் விரிந்து நீரோடு இரையை உறிஞ்சிக்கொள்கிறது. மெக்சிகோ வளைகுடாவின் குள்ளக் கடற்குதிரையில் இந்தத் தாக்குதல் ஒரு மில்லி விநாடிக்குள் முடிகிறது. அதன் இரையான கோபெபோடு என்னும் நுண்ணிய ஓட்டுயிர்கள் நீரின் மிகச் சிறு அசைவையும் உணர்ந்து தாவுபவை. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, கடற்குதிரையின் தலை வடிவத்தால் மூக்கு நுனிக்கு மேலுள்ள நீர் கலங்காமலே இருக்கிறது என்று காட்டியது. இவ்வளவு வேகமாகப் பிடித்தும் அதற்குப் பல் இல்லை, இரைப்பையும் இல்லை. விழுங்கியது சீக்கிரமே குடல் வழியே போய்விடும். அதனால் பகல் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும்.

கடற்குதிரை ஏன் நிமிர்ந்தது என்பதற்கும் இந்தக் குழலே ஒரு விடை தருகிறது. 2011இல் பெல்ஜிய ஆய்வாளர் சாம் வான் வாசன்பெர்க் குழுவினர், நேர்க்கோடான குழாய்மீனையும் கழுத்து வளைந்த கடற்குதிரையையும் கணக்கிட்டு ஒப்பிட்டார்கள். கழுத்து வளைந்திருந்தால் தலை சுழலும்போது வாய் முன்னோக்கியும் பாய்கிறது. எட்டும் தொலைவு கூடுகிறது. நீந்தி இரையை நெருங்க வேண்டிய தேவை குறைகிறது. வாலால் புல்லைப் பற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே வேட்டையாடலாம். அந்த வால் வட்டமாக இல்லாமல் சதுரமாக இருப்பதன் காரணத்தை 2015இல் வெளியான வேறோர் ஆய்வு விளக்கியது: நசுங்கினால் சதுர வளையத்தின் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி மறுபடி நிலைக்கு வருகின்றன, பற்றும் பிடியும் உறுதியாகிறது.

எப்போது நிமிர்ந்தது? ஆஸ்திரேலியாவில் குள்ளக் குழாய்க்குதிரை என்றொரு மீன் உண்டு. முகமும் வாலும் கடற்குதிரை போலவே இருக்கும். நீந்துவது மட்டும் படுக்கைவாட்டில். மரபணுவில் இதுவே கடற்குதிரைக்கு மிக நெருக்கம். பீட்டர் டெஸ்கே, லூசியானோ பெஹரெகராய் இருவரும் 2009இல் இரண்டின் பிரிவைக் கணக்கிட்டு, சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தோனேசியா-ஆஸ்திரேலியப் பகுதியின் கடல் ஆழம் குறைந்து கடற்புல் வெளிகள் பரவிய காலத்தோடு அதைப் பொருத்தினார்கள். செங்குத்தான புல்லுக்குள் செங்குத்தாக நிற்பது ஒளிந்துகொள்ள வசதி. ஸ்லோவேனியாவின் துன்யிட்சே குன்றுகளில் கிடைத்து, அதே 2009இல் விவரிக்கப்பட்ட கடற்குதிரைப் புதைபடிவங்கள் சுமார் 1.3 கோடி ஆண்டு பழையவை. அவை இன்றைய கடற்குதிரைகளைப் போலவே முழுமையாக நிமிர்ந்தவை.

மரபணு ஆய்வு டன்கருக்குப் பெரிய நியாயம் செய்தது. ஹீலி ஹாமில்டன் குழுவினர் 2017இல் வெளியிட்ட வம்சவரிசையில், வயிற்றுச் சுமப்பிகளும் வால் சுமப்பிகளும் உண்மையிலேயே இரு பெரும் கிளைகளாகப் பிரிந்து நிற்கின்றன. 1915இல் உருப்பெருக்கியோடு உட்கார்ந்திருந்தவரின் கோடு தப்பவில்லை. கடற்குதிரைகள் வால் சுமப்பிகளுக்குள், குழாய்மீன்களால் நாலாபுறமும் சூழப்பட்டு இருக்கின்றன. அவற்றை வெளியே எடுத்துவிட்டுக் குழாய்மீன் என்று தனியாக ஒரு கூட்டம் வரைய முடியாது.

குடும்பத்துக்கு மேலேயுள்ள வரிசையில்தான் பெரிய இடமாற்றங்கள். நெடுங்காலம் இவற்றை வட கடல்களின் முள்முதுகு மீன்களோடு ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். மரபணு வந்ததும் முள்முதுகு மீன்கள் வேறு பக்கம் போய்விட்டன. நீள்மூக்கு உறவினர்களான எக்காள மீனும் கொம்பு மீனும் சவரக்கத்தி மீனும் கூடவே நின்றன. லின்னேயஸ் எக்காள மீனையும் கொம்பு மீனையும் சிங்னாதஸிலிருந்து வெகுதூரத்தில் வேறு வரிசையில் வைத்திருந்தார். அந்தத் தூரம் மறைந்தது. எதிர்பாராத விருந்தாளிகளும் வந்தார்கள். நம் கடைகளில் நவரை என்று விற்கும், தாடையில் இரண்டு மீசை தொங்கும் சிவப்பு மீன் இந்த வரிசைக்குள் வந்துவிட்டது. குவியே சேர்த்துப் பிறகு வந்தவர்கள் பிரித்த பெகாசஸ் மீன்களும் திரும்பி வந்துவிட்டன. நீண்ட மூக்கே இல்லாத நவரை, குழாய்மீனுக்கு முள்முதுகு மீனைவிட நெருங்கிய சொந்தம் என்பதை மனம் ஏற்கச் சிறிது நேரம் ஆகும். வரிக்கு வரி படித்த மரபணு அதைத்தான் சொல்கிறது.

2016 டிசம்பரில் புலிவால் கடற்குதிரையின் முழு மரபுத்தொகுதி வெளியானபோது குடும்பத்தின் விநோதங்களுக்குச் சில காரணங்கள் கிடைத்தன. இடுப்புத் துடுப்பும் நம் கால்களும் உருவாக உதவும் டிபிஎக்ஸ்4 என்ற மரபணு அதில் அறவே இல்லை. ஆய்வாளர்கள் வரிக்குதிரை மீனில் அதே மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். இடுப்புத் துடுப்பு வளரவில்லை. பல்லின் எனாமலுக்கு வேண்டிய மரபணுக்களும் தொலைந்திருந்தன. மாறாக, பையில் வேலை செய்யும் ஒரு மரபணுக் கூட்டம் பெருகியிருந்தது. 2020இல் வெளியான இன்னொரு ஆய்வு, அந்நியத்தை அடையாளம் காணும் நோயெதிர்ப்பு அமைப்பின் ஒரு முக்கியப் பகுதியைச் சில குழாய்மீன்கள் இழந்துவிட்டதாகக் காட்டியது. பாதி வேறொரு உடலின் சரக்கான கருவைத் தந்தை தன் உடலோடு ஒட்டி வளர்ப்பதற்கு இந்த இழப்பு வழிவிட்டிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

பழைய பாட்டிலுக்குள்ளிருந்தும் புதிய உறவினர் வரலாம். கடல்நாகங்களில் இரண்டே இனங்கள் என்று ஒன்றரை நூற்றாண்டு நம்பியிருந்தார்கள். ஜோசபின் ஸ்டில்லர், நெரிடா வில்சன், கிரெக் ரூஸ் மூவரும் அவற்றின் திசுக்களில் மரபணு பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு துண்டு மட்டும் எதோடும் ஒட்டவில்லை. மாதிரியை வரவழைத்துப் பார்த்தால் மாணிக்கச் சிவப்பு. அது குஞ்சு சுமந்த ஆண். அருங்காட்சியகங்களைத் தேடியபோது, 1919இல் பெர்த் கடற்கரையில் ஒதுங்கிய ஒன்றும் அதே இனமென்று தெரிந்தது. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் அது வேறு பெயர்ச் சீட்டோடு இருந்திருக்கிறது. 2015இல் அதற்குப் பெயர் கிடைத்தது.

பெயரும் குடும்பமும் நம் கடலில் சட்டமாகவும் வந்து நிற்கின்றன. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் 1990களில் சங்கு குளிப்பவர்களும் கடலட்டை எடுப்பவர்களும் கடற்குதிரைகளையும் சேர்த்து எடுத்தார்கள். காய்ந்த கடற்குதிரைக்குச் சீன மருந்துச் சந்தையில் நல்ல விலை இருந்தது. ஆய்வாளர் அமண்டா வின்சென்ட் 1996இல் அந்த உலக வணிகத்தை முதன்முறையாக விரிவாக எழுதினார். 2002இல் சர்வதேச வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் கடற்குதிரைகளைப் பட்டியலில் சேர்க்க முடிவுசெய்து, 2004 மே மாதம் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியலில் இருப்பது ஹிப்போகாம்பஸ் பேரினம் மட்டும். ராஃபினெஸ்க் 1810இல் பிரித்த அளவு. இந்தியா அதற்கு முன்பே, 2001இல், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடற்குதிரையைச் சேர்த்தது. அங்கே கடற்குதிரை என்று எழுதி, சிங்னாதிடே குடும்பத்தினர் அனைவரும் என்று பக்கத்தில் விளக்கியிருந்தார்கள். போனபார்ட் 1831இல் வரைந்த எல்லை அது. நம் சட்டம் எழுதியவர்கள் அழகானதை மட்டும் காப்பாற்றாமல் குழாய்மீனையும் சேர்த்துக் காத்தார்கள். அதற்காக அவர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் எழுத்தில் காப்பது வேறு, வலையில் காப்பது வேறு. தடைக்குப் பிறகு தேடிப்போய்ப் பிடிப்பது குறைந்தாலும், இறாலுக்காக இழுக்கும் மடியில் தற்செயலாக விழுவது நிற்கவில்லை. தன்வி வைத்தியநாதனும் அமண்டா வின்சென்டும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்தியக் கரை முழுக்க இதையே கண்டது. அதிகம் சிக்குவது தமிழ்நாட்டில். கடற்குதிரையையாவது காய வைக்க ஒருவர் எடுத்து வைப்பார். குழாய்மீன் கழிவு மீனான சங்காயத்தோடு கோழித் தீவனத்துக்குப் போகிறது. அதை எண்ணுவார் யாருமில்லை. ஆண் ஒன்று மடியில் செத்தால் அதன் பையிலிருக்கும் குஞ்சுகளும் அதோடு போகும். பாயில் ஓடும் நாட்டுப்படகின் தள்ளுமடியில் விழுந்தது பல சமயம் உயிரோடிருக்கும்; கையில் எடுத்துத் திருப்பி விடலாம். மணிக்கணக்கில் இழுக்கும் விசைப்படகின் மடியில் அந்த வாய்ப்பு குறைவு. மீனவரைக் குற்றவாளியாக நிறுத்துவதால் மட்டும் இந்தக் குடும்பம் பிழைக்காது. புல்வெளியைத் தாறுமாறாக வாரும் இழுவையைத் தள்ளி நிறுத்த வேண்டும். அதற்கும் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983லேயே சொல்லியிருக்கிறது. பாக் நீரிணையின் கடற்புல் கணிசமாக அந்த 3 மைலுக்குள் வளர்கிறது.